நாற்பத்தோரு ஆர்டர்கள்

ஜூன் 2

ஆன்லைன் வகுப்பு இன்றோடு முடிந்தது. மொத்தம் ஏழு நாள். "தினமும் நடந்ததை எழுதி வையுங்கள், பிற்பாடு உங்கள் வெற்றிக் கதையை நீங்களே படிக்கலாம்" என்று நடத்திய சார் கடைசியாகச் சொன்னார். வகுப்பில் இருந்த நானூறு பேருக்கும் இதையேதான் சொல்லியிருப்பார். ஆனாலும் மகள் தர்ஷனாவின் எட்டாம் வகுப்பு நோட்டு ஒன்று பாதி வெறுந்தாளாகக் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

முதலில் எழுத வேண்டியது இது. என் வீட்டுக்காரர் தோஹாவுக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஏசி மெக்கானிக் வேலை. இப்போதுள்ள ஒப்பந்தம் செப்டம்பர் பதினைந்தோடு முடிகிறது. தொடர்வதென்றால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போன லீவில் வந்திருந்தபோது இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். அதற்குள் நான் தொடங்கும் கடை ஓடினால் அவர் கையெழுத்துப் போடமாட்டார். ஊருக்கு வந்துவிடுவார். அருப்புக்கோட்டையில் ஏசி வேலை வருடத்தில் நாலு மாதம் இருந்தால் அதிகம். மீதி எட்டு மாதத்தைக் கடை தாங்க வேண்டும்.

தாங்கும். பாத்திரக்கடையில் ஆறு வருடம் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். ஜனங்கள் எதை வாங்குவார்கள் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் கடையை எப்படித் திறப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் வகுப்புக்குப் போனேன்.

ஜூன் 5

குழாயில் தண்ணீர் வந்தது, ஆறு நாள் கழித்து. இரண்டு மணி நேரம் குடம் தூக்கியதில் இடுப்பு போய்விட்டது.

பொருள் தேடுகிறேன். எல்லா வீட்டிலும் இருக்கும் ஒரு தொல்லையைத் தீர்க்க வேண்டும், எடை அரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும், உடையக் கூடாது என்பது சார் சொன்ன விதி. வேறு யாரும் விற்காததாக இருந்தால் போட்டியே கிடையாதாம். வாங்கும் விலையைப் போல மூன்று மடங்குக்கு விற்க முடிய வேண்டுமாம். நைட்டி யோசித்தேன், அளவு சரியில்லை என்று பாதி திரும்பி வரும். கண்ணாடி ஜாடி உடையும். பித்தளைக் குத்துவிளக்கு கூரியருக்கே சொத்தை எழுத வேண்டும்.

ஜூன் 8

யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் குக்கரில் பருப்பு கரிந்து போயிற்று. எத்தனை விசில் வந்தது என்று தர்ஷனாவைக் கேட்டால் அவள் என்னைக் கேட்கிறாள்.

பொருள் கிடைத்துவிட்டது! குக்கர் விசிலை எண்ணும் கருவி. மூன்று விசில் என்று வைத்துவிட்டால், மூன்றாவது விசில் வந்ததும் மணி அடிக்கும். எந்த வீட்டில் குக்கர் இல்லை? எந்த வீட்டில் பருப்பு கரியவில்லை? தேடிப் பார்த்தேன், தமிழில் யாரும் விற்கவில்லை. சார் சொன்ன அத்தனை விதிக்கும் பொருந்துகிறது. விசில் எண்ணி என்று பெயரும் வைத்துவிட்டேன்.

ஜூன் 10

பாண்டீஸ்வரி வந்திருந்தாள். அவர் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறியது.

"ஏ மதினி, விசில எண்ணுறதுக்கு ஒரு மிசினா? பெறகு காது என்னத்துக்கு இருக்கு?"

"உன் வீட்ல கரிஞ்சதே இல்லையா? போன வாரம் தெரு முக்கு வரைக்கும் வாடை வந்துச்சே."

"கரிஞ்சுச்சு. கரிஞ்சதச் சுரண்டிப் போட்டுட்டு மேலாப்புல ஊத்திச் சாப்ட்டோம். அதுக்காக முந்நூத்தம்பது ரூவா குடுத்து ஒருத்தி மிசின் வாங்குவாளாக்கும்?"

அவளுக்கு எது சொன்னாலும் கேலிதான். அண்ணன் ஊருக்கு வந்துவிட்டால் மாதாமாதம் வரும் செண்ட் பாட்டில் வராதே என்ற கவலையோ என்னவோ. இப்படி எழுதியிருக்கக் கூடாது. எழுதியதை அடிக்கவும் மனசில்லை.

ஜூன் 14

கோயம்புத்தூர் போய் வந்தேன். மருதாசலம் என்பவர் வீட்டு மாடியிலேயே சின்ன எலெக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். அவர் ஏற்கெனவே செய்து வைத்திருந்த கருவி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அடுப்புப் பக்கத்தில் சுவரில் ஒட்டிவிடலாம். விசில் எண்ணி முடித்ததும் மணி அடிக்கிறது, கூடவே ஒரு சிவப்பு லைட்டும் விட்டுவிட்டு எரிகிறது.

"மணிதான் அடிக்குதே, லைட் எதுக்குங்க? அத எடுத்துட்டா விலை குறையுமா?" என்று கேட்டேன்.

"பதினஞ்சு ரூபா கொறயுமுங்க. ஆனா இந்த அம்பது பீஸுல வச்சாச்சுங்க. அடுத்த தடவை வேணா எடுத்தர்லாம்" என்றார்.

ஐம்பதையும் வாங்கி வந்தேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.

ஜூன் 20

தோஹாவிலிருந்து லீவில் வந்த குமரேசன் திரும்பிப் போகிறார். அவர் கையில் ஒன்று கொடுத்துவிட்டேன். குமரேசனும் என் வீட்டுக்காரரும் ஒரே அறை. மொத்தம் பன்னிரண்டு பேர். சனியிலிருந்து வியாழன் வரை ஒரு நாளைக்கு இரண்டு பேராக முறை வைத்துச் சமைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வெளிச் சாப்பாடு. இவருக்குச் செவ்வாய்க்கிழமை முறை. பதினோரு வருடமாகச் செவ்வாய்க்கிழமை போன் வந்தால் பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்கும். எனக்குக் கிழமை தெரிவதே அதை வைத்துத்தான்.

ஜூன் 22

கடை திறந்தாயிற்று. "தர்ஷனா ஹோம் நீட்ஸ்." படம், விலை, விளக்கம் எல்லாம் நானே போட்டேன். ஏழு தடவை திறந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 23

ஆர்டர் இல்லை.

ஜூன் 24

இல்லை.

ஜூன் 26

இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 28

முதல் ஆர்டர்! திருப்பூரிலிருந்து ஒருவர். வாங்கும் முன் வாட்ஸப்பில் ஐந்து கேள்வி. லைட் எவ்வளவு நேரம் எரியும், எவ்வளவு தூரத்துக்குத் தெரியும், பேட்டரி எத்தனை நாள் வரும், பக்கத்து வீட்டு விசிலையும் எண்ணுமா, பழுதானால் யாரிடம் கொடுப்பது. பதில் எழுதி எழுதிக் கட்டை விரல் வலித்தது. ஒரே ஒரு பீஸுக்கு இந்தப் பாடு. பாத்திரக்கடையை விட்டு வந்ததே இந்தக் கேள்விக் கூட்டத்திடமிருந்து தப்பிக்கத்தான்.

ஜூன் 30

வெள்ளிக்கிழமை. அவர் பேசினார். ஒன்றுதான் போயிருக்கிறது என்று சொன்னேன். "அழுகிறியா ரேணு?" என்றார். இல்லை, வெங்காயம் நறுக்குகிறேன் என்றேன். இன்றைக்குத் தயிர் சாதம்.

ஜூலை 3

இரண்டு ஆர்டர். பரமக்குடி ஒன்று, முதுகுளத்தூர் ஒன்று.

ஜூலை 6

ஐந்து! பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, மறுபடி பரமக்குடி, பேராவூரணி, கடையநல்லூர். ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை. படம் பார்த்தார்கள், பணம் கட்டினார்கள், அவ்வளவுதான். ஆன்லைன் என்றால் இதுதான். பெட்டி ஒட்டும் டேப் தீர்ந்துவிட்டது.

ஜூலை 9

இரண்டு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் "நல்ல பொருள் அக்கா" என்று எழுதியிருக்கிறார். கடையில் என் படமும் இல்லை, பெயரும் இல்லை. ஆனாலும் இதற்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிகிறது. பெட்டி கட்டும் நேர்த்தியைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

ஜூலை 13

வியாழக்கிழமை. போனில் எண்ணெய் சத்தம். "இன்னைக்கு உங்க முறை இல்லையே?" என்றேன். குமரேசனுக்குக் காய்ச்சலாம், அவர் முறையை இவர் பார்க்கிறாராம். இந்த மனிதருக்கு யார் எது சொன்னாலும் தலையாட்டத்தான் தெரியும்.

ஜூலை 17

ஆடி பிறந்தது. ஆர்டர் பத்தொன்பது. சார் சொன்னபடி ஊர்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். எங்கே விற்கிறது, ஏன் விற்கிறது என்று தெரிந்தால் அங்கேயே விளம்பரம் செய்யலாம்.

பரமக்குடி, முதுகுளத்தூர், திருவாடானை, அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை. வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் கடற்கரையை ஒட்டிய பக்கம். அரை மணி நேரம் யோசித்ததில் பிடிபட்டது. கடற்காற்று! காற்று அடிக்கிற ஊரில் அடுப்படி விசில் முற்றத்துக்குக் கேட்காது. அதனால்தான் அவர்களுக்கு இது தேவைப்படுகிறது. கடையநல்லூர் மட்டும் இதில் சேரவில்லை. அங்கே மலைக்காற்று.

அவரிடம் சொன்னேன். "இருக்கும், இருக்கும், காத்துதான்" என்றார்.

ஜூலை 22

சனிக்கிழமை. இன்றும் அவர்தான் சமையல். திருவாடானைக்காரர் ஒருவருக்கு ஓவர்டைமாம். கேமராவில் இடது கையில் எண்ணெய் தெறித்த தழும்பு தெரிந்தது. கேட்டதற்கு, அது பழசு என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தக் கையைப் பார்க்கிறேன், பழசு எது புதுசு எது என்று எனக்குத் தெரியாதா? கொஞ்சம் இளைத்தும் இருக்கிறார். திட்டிவிட்டு வைத்தேன்.

ஆர்டர் இருபத்தெட்டு.

ஜூலை 24

திங்கள். இன்றும்தான். யாருக்கோ பல்வலியாம். அந்த அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நோயாளி ஆகிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஜூலை 28

முப்பத்தாறு. சந்தேகமே இல்லை, கடை ஓடுகிறது. விற்பது தெரிந்துவிட்டால் தயங்காமல் மொத்தமாக வாங்கு, விலை குறையும் என்பது சார் சொன்ன கடைசி விதி. மருதாசலத்தைக் கூப்பிட்டு முந்நூறு சொல்லிவிட்டேன். லைட் வேண்டாம் என்றும் சொன்னேன். பீஸுக்குப் பதினைந்து ரூபாய் மிச்சம்.

"லைட் இருக்கட்டுமுங்களே, பாக்கறக்கு எடுப்பா இருக்கும்" என்றார் மருதாசலம்.

"எடுப்புக்கெல்லாம் யாரு காசு குடுக்கப் போறாங்க?" என்றேன். வியாபாரம் செய்கிறவள் இப்படித்தான் பேச வேண்டும். பேசி முடித்ததும் எனக்கே என் குரல் பிடித்திருந்தது.

பாண்டீஸ்வரி மட்டும், "அதுக்குள்ள என்ன அவசரம் மதினி? இன்னும் நாலு நாள் பாரேன்" என்றாள். செப்டம்பர் பதினைந்து அவளுக்காகக் காத்திருக்குமா? பாத்திரக்கடைச் சம்பளத்தில் நான் சேர்த்து வைத்ததில் பாதியை எடுத்துக் கட்டினேன்.

ஆகஸ்ட் 2

பீரோவில் அவருக்கென்று இரண்டு தட்டைக் காலி செய்தேன். வந்தால் துணி வைக்க இடம் வேண்டுமே. லீவில் வரும்போதெல்லாம் பெட்டியிலிருந்தே எடுத்து உடுத்துவார், பெட்டிக்குள்ளேயே மடித்து வைப்பார், விருந்தாளி மாதிரி. இந்த முறை பெட்டியைப் பரணில் ஏற்றிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 7

முந்நூறும் வந்திறங்கியது. ஆறு அட்டைப் பெட்டி. கூடத்தில் வைத்தால் கால் வைக்க இடமில்லை. பிரித்து அவருடைய இரண்டு தட்டிலும் அடுக்கினேன். அவர் வருவதற்குள் விற்றுவிடும்.

இன்றோடு நாற்பத்தொன்று. பழைய ஐம்பதில் ஒன்று தோஹாவில் இருக்கிறது. மீதி எட்டு.

ஆகஸ்ட் 9

ஆர்டர் இல்லை.

ஆகஸ்ட் 11

இல்லை. ஆடி மாதம். ஜனங்கள் துணிக்கடையில் கிடப்பார்கள்.

ஆகஸ்ட் 14

இல்லை. விலையை ஐம்பது ரூபாய் குறைத்தேன்.

ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்தது. இல்லை.

அவர் பேசியபோது கேட்டார். இரண்டு மூன்று வந்தது என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம் தெரிந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "யாரு வாங்குனது? எந்த ஊரு?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 21

தர்ஷனாவுக்குக் காலாண்டுப் பரீட்சை அட்டவணை கொடுத்துவிட்டார்கள். "அப்பா எப்ப வர்றாரு, லீவுக்குள்ள வந்துருவாரா?" என்று கேட்டாள். வந்துவிடுவார் என்றேன். சொல்லும்போது பீரோ பக்கம் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 24

வாங்கியவர்களைக் கூப்பிட்டு, சொந்தக்காரர்களுக்கும் சொல்லச் சொல்லலாம் என்று தோன்றியது. கூரியருக்காக எல்லோருடைய நம்பரும் இருக்கிறது. முதலில் முதுகுளத்தூர் பூமயில். தனித்தனி ஆர்டராக இரண்டு பீஸ் வாங்கியவள். தர்ஷனா ஹோம் நீட்ஸ் என்று சொன்னதுமே, "அக்கா! நல்லா இருக்கீகளா?" என்றாள், கூடப் பிறந்தவள் மாதிரி.

"பொருள் எப்படிம்மா வேலை செய்யுது?"

"பத்திரமா இருக்குக்கா. இன்னும் பிரிக்கல, பரண்ல வச்சிருக்கேன்."

"பிரிக்கலையா? பின்ன எதுக்கும்மா ரெண்டு வாங்குனீங்க?"

"அவுகதான் வாங்கச் சொன்னாக. ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு எங்க அம்மா வீட்டுக்கு. பாண்டி அண்ணே சம்சாரம் கடை வச்சிருக்காக, ஆளுக்கு ரெண்டு மூணு போட்டு விடுங்கடான்னு ரூம்ல பேசிக்கிட்டாகளாம். அதுக்குப் பதிலா எல்லார் சமையல் மொறையும் அண்ணேதான் பாக்குறாகளாம். எங்க வீட்டுக்காரர் ரெண்டு மாசமாக் கரண்டியத் தொடலக்கா. வந்து படுத்தாத் தூக்கந்தானாம்."

நம்பர் எழுதிய தாளை மடித்து வைத்தேன்.

"அக்கா, ஒங்களுக்குத் தெரியுந்தான?"

"தெரியும்மா, தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு துணி துவைத்தேன். துவைக்க ஒன்றும் இல்லை, துவைத்த போர்வையையே மறுபடி துவைத்தேன். தண்ணீர் வந்து நாலு நாள் ஆகிறது, இருந்த மூன்று குடமும் அதிலேயே தீர்ந்தது.

எட்டு மணிக்கு அவர் பேசினார். வியாழக்கிழமை. எண்ணெய் சத்தம். என்னடி ஒரு மாதிரி இருக்கே என்றார். தலைவலி என்றேன். அவருக்குப் பின்னால், சுவரில், நான் கொடுத்து அனுப்பிய விசில் எண்ணி ஒட்டியிருந்தது. மூன்றாவது விசிலுக்கு அது மணி அடித்தது. "பாத்தியா, எவ்வளவு கரெக்டா அடிக்குது!" என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 26

ஊர்ப் பட்டியலை மறுபடி எடுத்தேன். கடற்காற்றாம். எழுதியவளை நாலு அறை அறையலாம்.

பரமக்குடிக்காரர் குமரேசன். பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருவாடானை, எல்லாம் இவர் வாயால் வருடக்கணக்காகக் கேட்ட ஊர்கள்தான். அந்த அறையில் படுத்திருப்பவர்களின் ஊர்கள். கடையநல்லூர்க்காரர் கல்யாணத்துக்கு நானே போயிருக்கிறேன். அதைக்கூட மறந்துவிட்டு மலைக்காற்று என்று எழுதியிருக்கிறேன்.

நாற்பத்தொன்றில் அந்த அறையோடு சம்பந்தப்பட்டவை முப்பத்து நாலு. எனக்கு யாரென்றே தெரியாதவர்கள் ஏழு பேர்.

பாத்திரக்கடையில் ஒரு கரண்டி வாங்க வருகிறவர்கூடத் தட்டிப் பார்ப்பார், வளைத்துப் பார்ப்பார், பத்து கேள்வி கேட்பார். தன் காசில், தனக்கென்று வாங்குகிறவர் கேட்காமல் வாங்கமாட்டார். ஆறு வருடம் அதைப் பார்த்த நான், முப்பத்து நாலு ஆர்டர் ஒரு கேள்வியும் இல்லாமல் வந்ததைப் பெருமையாக இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கோபம் வருகிறது. அவர்மேல் பாதி, என்மேல் முழுசு.

ஆகஸ்ட் 28

அந்த ஏழு பேரையும் கூப்பிட்டேன். ஒன்றும் விற்பதற்கில்லை, ஏன் வாங்கினீர்கள் என்று கேட்பதற்கு மட்டும்.

இரண்டு பேர் எடுக்கவில்லை. மதுரை அடுக்குமாடிக்காரி, "மாடி வீட்டு விசிலையும் சேத்து எண்ணுதுங்க, சோறு அரை வேக்காடு" என்று சண்டைக்கு வந்தாள். ஒருவர் புதுமனை விழாவுக்குப் பரிசாகக் கொடுத்தாராம். இன்னொருவருக்கு வாங்கியதே மறந்துவிட்டது.

மீதி இரண்டு பேர். திருப்பூர்க்காரர் பெயர் சென்னியப்பன். ஐந்து கேள்வி கேட்டவர்.

"எங்க வீட்டம்மாவுக்குப் பொறந்ததுலருந்தே காது கேக்காதுங்க. முன்னெல்லாம் குக்கர் வச்சா அது முன்னாடியே நின்னு ஆவியப் பாத்து எண்ணோணும், வேற வேலை ஒண்ணும் ஓடாது. இப்ப லைட் எரியறதப் பாத்துக்கறாங்க. அந்த லைட்டு மட்டும் இன்னுங்கொஞ்சம் பெருசா இருந்தா ஹால்ல இருந்தே தெரியுமுங்க. அவங்க கூட்டாளிங்க நாலஞ்சு பேரு கேட்டுட்டு இருக்காங்க, எங்க வாங்குனதுன்னு."

தஞ்சாவூர்க்காரி தன் மாமியாருக்காக வாங்கியிருக்கிறாள். அவருக்கும் காது மந்தம். அவளும் லைட்டைத்தான் சொன்னாள்.

காது என்னத்துக்கு இருக்கு என்று பாண்டீஸ்வரி அன்றைக்கே கேட்டாள். எல்லா வீட்டிலும் குக்கர் இருக்கிறது என்றுதான் நான் பார்த்தேன். எல்லோருக்கும் பொதுவான தொல்லை என்றால் சுரண்டிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுவிடுவார்கள். வழியே இல்லாதவர்தான் காசை எடுக்கிறார். அவர்களுக்கு வேண்டியதும் மணி இல்லை, பதினைந்து ரூபாய் லைட்.

பீரோவில் இருக்கும் முந்நூறிலும் லைட் இல்லை.

ஆகஸ்ட் 30

மருதாசலத்திடம் பேசினேன். பிரித்துப் பெரிய லைட் வைக்கலாம், ஐம்பது ஐம்பதாக அனுப்புங்கள் என்றார். "நாந்தான் அன்னிக்கே சொன்னேனுங்களே" என்று அவர் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

கணக்குப் போடத் தேவையே இல்லை. இது கடைதான், ஆனால் ஒரு குடும்பத்தைத் தாங்கும் கடை இல்லை. ஆகும் என்றாலும் பதினைந்து நாளில் ஆகாது.

செப்டம்பர் 1

வெள்ளிக்கிழமை. அவருக்கு விடுமுறை. தர்ஷனா டியூஷன் போன நேரம் பார்த்து நானே கூப்பிட்டேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"கையெழுத்துப் போட்டுருங்க" என்றேன்.

"என்ன சொல்ற? கடைதான் நல்லா..."

"போட்டுருங்க. ரெண்டு வருசம். அப்புறம் இன்னொண்ணு. இனிமே உங்க முறை வர்ற நாளைக்கு மட்டும் சமைங்க."

படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். கண் மட்டும் இமைத்தது.

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? என்னை ஏமாத்துனீங்களா?"

"உன்னை ஏமாத்தணும்னு இல்ல ரேணு. ஒண்ணுதான் போச்சுன்னு அன்னைக்கு அழுதியே, தாங்கல. முதல்ல ரெண்டு பேருகிட்டத்தான் சொன்னேன். பெறகு நீ தெனமும் ஆர்டர் கணக்குச் சொல்லச் சொல்ல, எனக்கே கடை நெசமா ஓடுற மாதிரி ஆயிருச்சு. இங்க உக்காந்து நாள எண்ணிக்கிட்டு இருந்தேன். எனக்கு மட்டும் வீட்டுக்கு வரணும்னு இருக்காதா?"

நான் அழுதேன். இந்தத் தடவை வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை. அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏசியைச் சரி செய்வது மாதிரி எழுந்து போனார். ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து, "முந்நூறு வாங்கிட்டியே ரேணு, நானும் தடுக்காம விட்டேனே. எப்படிச் சொல்லுறதுன்னு தெரியல" என்றார்.

முந்நூறுக்கு இரண்டு பேருமே பொறுப்பு. அதை அவரிடமும் சொன்னேன்.

செப்டம்பர் 4

தர்ஷனாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். ஏன் என்றுகூடக் கேட்காமல் பரீட்சை அட்டவணையை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

முதல் ஐம்பது பீஸ் கோயம்புத்தூருக்குப் போயிற்று. கடைப் பக்கத்தை முழுசாக மாற்றி எழுதினேன். இப்போது முதல் வரியே லைட்டைப் பற்றித்தான்: "காது கேளாதவர்களின் சமையலறைக்கு." படத்தையும் மாற்றினேன். பக்கத்து வீட்டு விசிலையும் எண்ணும் என்று உண்மையையும் போட்டுவிட்டேன்.

பாண்டீஸ்வரி முறுக்கு கொண்டு வந்தாள். எல்லாம் தெரிந்தும் ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நானே, "காது எதுக்குன்னு கேட்டியே, இதுக்குத்தான்" என்று பக்கத்தைத் திறந்து காட்டினேன். பாதி முறுக்கை அவளே தின்றுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 13

கையெழுத்துப் போட்டுவிட்டார். தாளைப் படம் எடுத்து அனுப்பினார். எங்கள் கல்யாணப் பதிவில் போட்ட அதே கோணல் கையெழுத்து.

பெட்டியைப் பரணில் ஏற்ற வேண்டிய வேலை இல்லை.

செப்டம்பர் 16

சென்னியப்பனின் ஆட்களுக்கு மூன்று அனுப்பினேன். பழைய லைட் வைத்த எட்டிலிருந்து. தண்ணீர் வந்தது.

செப்டம்பர் 19

காலையில் நாமக்கல்லிலிருந்து ஒரு பெண் வாட்ஸப்பில் எழுதியிருந்தாள். லைட் என்ன நிறம், பகல் வெளிச்சத்தில் தெரியுமா, ஐந்து விசிலுக்கு மேல் வைக்க முடியுமா, சுவரில் ஒட்டாமல் ஃபிரிட்ஜில் ஒட்டலாமா, பிடிக்கவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா, விலை இன்னும் குறைக்க முடியாதா. இன்னும் மூன்று சேர்த்து மொத்தம் ஒன்பது கேள்வி. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். மதியம்வரை சத்தமே இல்லை. மூன்று மணிக்குப் பணம் கட்டிவிட்டாள். ஒரு பீஸ்.

எட்டு மணிக்கு அவர் பேசியபோது முதலில் அதைத்தான் கேட்டேன்.

"நாமக்கல்ல உங்களுக்கு யாரையாச்சும் தெரியுமா?"

"நாமக்கல்லா? இல்லையே."

"ரூம்ல யாருக்காச்சும்? பக்கத்து ரூம்ல? கம்பெனியில?"

"லாரி ஓட்டுறவர்கூட யாரும் இல்லடி. சத்தியமா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

அவர் வெங்காயத்தை எண்ணெயில் போட்டார், சத்தம் கேட்டது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவர் முறைதான்.